குடும்பப் பெயர் பெருகுகிறதா, அருகுகிறதா? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

பெயரைத் தட்டினால் "உலகில் இத்தனை பேருக்கு இந்தக் குடும்பப் பெயர் இருக்கிறது" என்று ஓர் எண்ணைக் காட்டும் இணையதளங்கள் நிறைய உண்டு. அந்த எண் எந்த ஆண்டுக்குரியது, எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது, எந்தெந்த எழுத்துக்கூட்டல்களைச் சேர்த்து எண்ணியது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. அதை மட்டும் வைத்து ஒரு பெயர் பெருகுகிறதா அருகுகிறதா என்று சொல்லவே முடியாது. அதற்கு நான்கு எண்கள் வேண்டும்: முந்தைய ஆண்டில் அந்தப் பெயர் உள்ளவர்கள், அந்த ஆண்டின் மொத்தப் பேர், பிந்தைய ஆண்டில் அந்தப் பெயர் உள்ளவர்கள், அந்த ஆண்டின் மொத்தப் பேர். நான்கும் ஒரே முறையில் எண்ணப்பட்டிருக்க வேண்டும். அதை உறுதிசெய்வதில்தான் உழைப்பெல்லாம் போகிறது. மீதி வெறும் வகுத்தல்.

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர்வாரியான பட்டியலை வெளியிடுவதில்லை. அமெரிக்கா வெளியிட்டிருக்கிறது, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் பழைய பதிவேடுகள் பெயர்வாரியாகத் தேடும்படி இருக்கின்றன, நெதர்லாந்தில் 1947, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளின் எண்ணிக்கையைப் பெயருக்குப் பெயர் ஒப்பிடலாம், தென்கொரியா அவ்வப்போது கணக்கெடுப்பில் குடும்பப் பெயர்களை எண்ணுகிறது. முறையைக் கற்றுக்கொள்ள அமெரிக்கப் பட்டியல்தான் வசதி. வெளிநாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பெயர்களும் அதில் கணிசமாக வந்திருக்கின்றன.

எண்ணிக்கையை நம்பாதீர்கள், பங்கைப் பாருங்கள்

அமெரிக்கக் கணக்கெடுப்பு அமைப்பு 2000, 2010 ஆகிய இரண்டு கணக்கெடுப்புகளிலிருந்தும் குறைந்தது 100 பேருக்கு உள்ள எல்லாக் குடும்பப் பெயர்களையும் தனித்தனிக் கோப்புகளாக வெளியிட்டது. 2000 கோப்பில் 1,51,671 பெயர்கள், 2010 கோப்பில் 1,62,253. இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெயர், தரவரிசை, எண்ணிக்கை, லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்ற நான்கு பத்திகள்தான் நமக்கு முக்கியம். அடுத்து வரும் இனவாரிச் சதவீதப் பத்திகளில் சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் 'எஸ்' என்ற எழுத்து மட்டும் இருக்கும். தனிநபர்கள் அடையாளம் தெரிந்துவிடக்கூடாது என்று மறைத்த இடங்கள் அவை. அந்த இடங்களில் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடாதீர்கள்.

முதல் பெயரான ஸ்மித்தையே எடுத்துக்கொள்வோம். 2000இல் 23,76,206 பேர், 2010இல் 24,42,977 பேர். பத்தாண்டில் 66,771 பேர் கூடியிருக்கிறார்கள், 2.8 சதவீத வளர்ச்சி. இதோடு நிறுத்தினால் ஸ்மித் பெருகுகிறது என்று எழுதிவிடுவோம். ஆனால் 2000 பட்டியலின் மொத்தம் 26,97,62,087 பேர், 2010இல் 29,49,79,229 பேர். மொத்தம் 9.3 சதவீதம் வளர்ந்தபோது ஸ்மித் 2.8தான் வளர்ந்தது. லட்சத்துக்கு 880.85 பேராக இருந்தது 828.19ஆக இறங்கிவிட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய குடும்பப் பெயர், ஆள் கூடிக்கொண்டே, பங்கில் 6 சதவீதம் இழந்திருக்கிறது.

படேல் நேர்மாறு. 1,45,066 பேர் 2,29,973 பேரானார்கள். எண்ணிக்கையில் 58.5 சதவீத உயர்வு, லட்சத்துக்கு 53.78 பேர் என்பது 77.96 பேரானது, அதாவது பங்கில் 45 சதவீத உயர்வு. இரண்டு சதவீதங்களில் எதைச் சொல்கிறீர்கள் என்பதை எப்போதும் தெளிவாக எழுதுங்கள். ஊர் மொத்தமும் வளர்ந்ததால் வந்த பகுதியைக் கழித்த பிறகு நிற்பதுதான் பங்கு. பெயரின் கதையைச் சொல்வதும் அதுதான்.

தரவரிசையை வைத்து வாதம் செய்யாதீர்கள். வில்சன் 2000இல் 7,83,051 பேருடன் 10ஆம் இடம். 2010இல் 8,01,882 பேருடன் 14ஆம் இடம். நான்கு படி சரிந்ததற்குக் காரணம் மார்ட்டினஸ், ஹெர்னாண்டஸ், லோபஸ், கொன்சாலெஸ் ஆகிய பெயர்கள் வேகமாக ஏறித் தாண்டிப்போனதுதான். வில்சனின் பங்கு லட்சத்துக்கு 290.3இலிருந்து 271.8ஆகக் குறைந்தது, அவ்வளவே. பட்டியலின் உச்சியில் பெயர்களுக்கிடையே பல்லாயிரக்கணக்கில் இடைவெளி இருக்கும். கீழே போகப் போக நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரே எண்ணிக்கையில் நெருங்கி நிற்கும். அங்கே நாலு பேர் கூடினாலே தரவரிசை நூற்றுக்கணக்கில் தாவும்.

கோப்பைத் திறக்கும்போது

இரண்டு கோப்புகளையும் ஒரே எக்செல் புத்தகத்தில் இரண்டு தாள்களாக வைத்து, மூன்றாம் தாளில் உங்களுக்கு வேண்டிய பெயர்களை எழுதி, வி-லுக்அப் அல்லது எக்ஸ்-லுக்அப் மூலம் இரு ஆண்டுகளின் எண்ணிக்கையையும் இழுத்துக்கொள்ளுங்கள். வி-லுக்அப்பில் துல்லியப் பொருத்தம் என்ற தேர்வு கட்டாயம். அதை விட்டால் அருகிலுள்ள வேறொரு பெயரின் எண் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும். பிறகு பங்கை நீங்களே வகுத்து, கோப்பில் உள்ள பங்குப் பத்தியோடு சரிபாருங்கள். இரண்டும் பொருந்தினால் மொத்தத்தைச் சரியாக எடுத்திருக்கிறீர்கள்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ட்ரூ' என்று ஒரு குடும்பப் பெயர் அமெரிக்காவில் இருக்கிறது. எக்செல் அதை உண்மை, பொய் என்ற தர்க்க மதிப்பாக மாற்றிவிடும். 'நல்' என்றும் குடும்பப் பெயர் உண்டு, 'நா' என்ற கொரியக் குடும்பப் பெயரும் உண்டு. பைதான் மொழியின் தரவு நிரலான பாண்டாஸ் இவை இரண்டையும், புள்ளியியல் மொழியான ஆர் 'நா'வையும் 'தரவு இல்லை' என்று எடுத்துக்கொண்டு காலியாக்கிவிடும். அதனால் கோப்பை இறக்குமதி செய்யும்போதே பெயர்ப் பத்தியை 'உரை' என்று குறிப்பிட்டு ஏற்றுங்கள். பாண்டாஸில் வெற்று மதிப்புகளைத் தானாக ஊகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஏற்றியதும் வரிகளை எண்ணிப் பாருங்கள்: பெயர்களின் எண்ணிக்கை மேலே சொன்ன எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

கோப்பில் எல்லாப் பெயர்களும் பெரிய எழுத்தில், இடைவெளியும் மேற்கோள் குறியும் இல்லாமல் இருக்கும். ஓ'பிரையன், டி லா குரூஸ் போன்றவை ஒரே சொல்லாக ஒட்டியிருக்கும். நீங்கள் தேடும் பெயரையும் அப்படியே ஒட்டித் தேடுங்கள்.

1990க்கும் இதேபோல ஒரு பட்டியல் உண்டு, 88,799 பெயர்களுடன். அதை இந்த இரண்டோடு சேர்த்து மூன்று புள்ளிக் கோடு வரைய ஆசை வரும். வரையாதீர்கள். அது முழுக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்ததல்ல, மாதிரியிலிருந்து எடுத்தது; சதவீதமும் மூன்று தசம இடம்வரைதான். ஸ்மித் போன்ற பெரிய பெயருக்கு ஓரளவு தாங்கும். சிறிய பெயருக்கு அந்தப் புள்ளியால் எந்தப் பயனும் இல்லை.

பட்டியலில் பெயரே இல்லையென்றால்

இல்லை என்றால் அழிந்துவிட்டது என்று பொருள் இல்லை. 99 பேரோ அதற்குக் குறைவோ என்றுதான் பொருள். 2010 கோப்பின் முடிவில் 'மற்ற எல்லாப் பெயர்களும்' என்று ஒரு வரி இருக்கிறது. அதில் 2,93,12,001 பேர், நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒருவர். மொத்தமாக அந்தக் கணக்கெடுப்பில் பதிவான வெவ்வேறு குடும்பப் பெயர்கள் சுமார் 63 லட்சம், அவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஒருமுறை வந்தவை. அவற்றில் பெரும்பகுதி உண்மையான அரிய பெயர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கையெழுத்தை இயந்திரம் படித்தபோது எழுத்து மாறியவையும், முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒட்டிக்கொண்டவையும் அதில் ஏராளம்.

பெயர் 2000இல் இருந்து 2010இல் காணாமல் போயிருந்தால் உச்சவரம்பைக் கணக்கிடுங்கள். 2010இல் அதிகபட்சம் 99 பேர், லட்சத்துக்கு 0.0336. 2000இல் அந்தப் பெயரில் 130 பேர் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் அப்போதைய பங்கு 0.0482. ஆகக் குறைந்தது 30 சதவீதம் இறங்கியிருக்கிறது, துணிந்து எழுதலாம். 2000இல் 104 பேர்தான் என்றால் பங்கு 0.0386, இறக்கம் 13 சதவீதமாகக்கூட இருக்கலாம். அந்த அளவு ஆட்டம் தற்செயலாகவே வரும். அங்கே வாயைத் திறக்காமலிருப்பதே சரி.

தற்செயல் ஆட்டத்துக்கு ஒரு கைக்கணக்கு. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 400 பேர் என்றால் 40 முன்பின்னாக இருக்கலாம், 10,000 என்றால் 200. இரண்டு ஆண்டுகளை ஒப்பிட, முதல் ஆண்டின் எண்ணை மொத்த வளர்ச்சியால் பெருக்கி 'எதிர்பார்த்த எண்' ஒன்றைப் பெறுங்கள். 2000இல் 150 என்றால் 2010இல் எதிர்பார்ப்பது 150 × 1.093, அதாவது 164. உண்மையில் 180 பேர் இருந்தால் வேறுபாடு 16. 164, 180 இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் 37. 16 அதற்குள் அடங்கிவிடுவதால் மாற்றம் எதுவும் சொல்வதற்கில்லை. 230 பேர் இருந்தால் வேறுபாடு 66, வரம்பு 40. அது உண்மையான ஏற்றம். ஒரே குடும்பத்தார் ஒரே நேரத்தில் குடியேறுவதும், ஒரே வீட்டார் ஒரே மாதிரி பெயர் மாற்றுவதும் நடப்பதால் அசல் ஆட்டம் இந்தக் கைக்கணக்கைவிடக் கூடுதலாகவே இருக்கும். வரம்பை ஒட்டி வரும் விடைகளைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

நூறு ஆண்டுக்கு முன்னால் போக

பத்தாண்டு இடைவெளி ஒரு பெயரின் வாழ்வில் மிகக் குறுகியது. நீண்ட கோடு வேண்டுமென்றால் இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடுகள்போல வசதியானவை குறைவு. அங்கே பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. காலாண்டு வாரியான அகரவரிசைப் பட்டியல்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுதி ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். பெயரையும் காலத்தையும் கொடுத்தால் பதிவுகள் வரும்.

ஒரு தனி ஆண்டை எடுக்காதீர்கள், ஐந்தாண்டுகளைத் தொகுத்து எடுங்கள். 1881–1885 பிறப்புகளை 1906–1910 பிறப்புகளோடு ஒப்பிடலாம். வகுப்பதற்கான மொத்தப் பிறப்புகளைத் தலைமைப் பதிவாளரின் ஆண்டறிக்கைகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். 1875க்கு முந்தைய பிறப்புகளில் விடுபட்டவை கணிசம். பதிவு செய்யாவிட்டால் தண்டம் என்று அந்த ஆண்டில்தான் சட்டம் இறுகியது. ஆகவே 1850களை 1880களோடு ஒப்பிடும்போது எண்ணிக்கை கூடுவதில் ஒரு பகுதி பதிவு ஒழுங்கானதால் வந்தது. பங்காக வகுத்தால் இந்தக் கோளாறு பெரும்பாலும் இரு பக்கமும் அடிபட்டுப்போகும், முழுவதும் போகாது. நகரத்து ஏழைகளிடையே விடுபட்டது அதிகம், பெயர்களோ ஊருக்கு ஊர் மாறுபவை.

மணமாகாத பெற்றோரின் குழந்தை சில நேரம் தாயின் பெயர், தந்தையின் பெயர் இரண்டிலும் பட்டியலிடப்பட்டிருக்கும். அதை இரண்டு பிறப்பாக எண்ணிவிடாதீர்கள். பக்க எண் ஒன்றாகவே இருப்பதைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் பட்டியலில் வருகிறது. அரிய பெயராக இருந்தால் அதை வைத்தே இது எத்தனை தனித்தனிக் குடும்பங்கள் என்று பிரித்துவிடலாம். எண்ணிக்கை 60 என்றாலும் அது மூன்று தம்பதியரின் பிள்ளைகள் என்று தெரிந்தால் அந்தப் பெயர் மெல்லிய நூலில் தொங்குகிறது என்று புரியும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்கள் நூறு ஆண்டு கழித்தே அங்கே பொதுப் பார்வைக்கு வரும். 1921 படிவங்கள் 2022 ஜனவரியில் வந்தன. 1931 படிவங்கள் 1942 தீவிபத்தில் எரிந்துவிட்டன, 1941இல் போரினால் கணக்கெடுப்பே இல்லை. எனவே 1921க்குப் பிறகு நெடுங்காலத்துக்குப் பிறப்பு, திருமணப் பட்டியல்கள்தான் கைகொடுக்கும். பழையவற்றில் 1881 முழுவதும் நல்ல தரத்தில் தட்டெழுதப்பட்டிருப்பதால் ஆய்வாளர்கள் அதையே தொடக்கப்புள்ளியாக வைப்பார்கள்.

நாடு முழுவதுக்கும் ஒரே பங்கு எடுப்பதோடு நிறுத்தாமல் மாவட்டவாரியாகவும் எடுங்கள். மாவட்டப் பங்கை நாட்டுப் பங்கால் வகுத்தால் வரும் எண், பெயர் எங்கே வேர்கொண்டிருக்கிறது என்று காட்டும். ஜோன்ஸ் இங்கிலாந்தில் எங்கும் உண்டு, ஆனால் வேல்ஸில் அதன் பங்கு பல மடங்கு. அங்கே நெடுங்காலம் தந்தை பெயரே மகனின் இரண்டாம் பெயராக வந்தது, தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. அது நிலையான குடும்பப் பெயராக உறைந்த காலத்தில் ஆண்களுக்கு வழக்கில் இருந்த பெயர்கள் சிலவே. அதனால் ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், இவான்ஸ் என்று ஒரு சில பெயர்களுக்குள் முழு நாடும் அடங்கியது.

தமிழ்ப் பெயர்களை எண்ணும்போது

வேல்ஸில் நடந்து முடிந்தது வெளிநாட்டுத் தமிழர்களிடையே இப்போது நடக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் அமெரிக்க, கனடியப் பட்டியலில் தமிழ்ப் பெயரைத் தேடினால் தவறான முடிவுக்கே வருவோம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் முருகேசன், அவருடைய தந்தை சுந்தரம். வெளிநாட்டு ஆவணத்தில் கணவரின் குடும்பப் பெயர் சுந்தரம். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் முருகேசன் என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டிருக்கிறார்கள். ஒரே வீட்டில் சுந்தரம் ஒருவர், முருகேசன் மூவர். அடுத்த தலைமுறையிலும் வழக்கம் இப்படியே தொடர்ந்தால், மகன் அருணின் பிள்ளைகளுக்கு அருண்தான் குடும்பப் பெயர். முருகேசன் என்ற குடும்பப் பெயர் குறைகிறது என்றால் அந்தக் குடும்பம் தேய்கிறது என்று பொருளில்லை. முப்பது, நாற்பது ஆண்டுக்கு முன் முருகேசன் என்று பெயர் வைப்பது குறைந்துவிட்டது என்றே பொருள். இந்த வகைப் பெயர்களின் கோட்டை, ஆண் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் பாணியின் கோட்டோடு ஒரு தலைமுறை தள்ளி வைத்துப் படிக்க வேண்டும்.

மாறாக, அருண் தன் பிள்ளைகளுக்கும் முருகேசன் என்பதையே வைத்தால் பெயர் அங்கே உறைகிறது. அதன் பிறகு அது ஸ்மித்தைப் போலவே நடந்துகொள்ளும். ஆகவே பட்டியலில் தேடும் முன், அந்தக் குடும்பங்களில் பெயர் உறைந்துவிட்டதா என்று மாதிரிக்குச் சிலவற்றையாவது பாருங்கள். தாத்தா, மகன், பேரன் மூவரின் கடைசிப் பெயரும் ஒன்றா என்பதே சோதனை.

பெயர் எந்தக் கட்டத்தில் ஏறுகிறது என்பதும் சிக்கல். இந்தியப் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால், அமெரிக்க விசாவில் ஒருவரின் சொந்தப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். அப்படி வந்தவர்களின் சொந்தப் பெயர்கள் குடும்பப் பெயர்ப் பட்டியலில் எண்ணப்படுகின்றன. மலேசியாவில் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்பதற்குப் பின் வருவது தந்தையின் பெயர். அதைக் குடும்பப் பெயர் என்று கொள்ளாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவுக்குத் தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 பேரின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என்று தனித்தனிப் பத்திகள். இன்றைய நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி போன்ற குடும்பப் பெயர்கள் அங்கே அவரவர் பெயரின் பகுதியாகவோ சாதிப் பத்தியிலோ இருக்கும், குடும்பப் பெயர் என்ற பத்தியே கிடையாது. பட்டியலில் பெயர்ப் பத்தியை மட்டும் எண்ணி இன்றைய எண்ணோடு ஒப்பிட்டால் பெயர் பன்மடங்கு பெருகியதாகத் தோன்றும். உண்மையில் இரண்டு வேறு விஷயங்களை எண்ணியிருப்போம்.

எழுத்துக்கூட்டல் அடுத்தது. மூர்த்தி என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் முதல் உயிரை ஒற்றை 'யு' அல்லது இரட்டை 'ஓ', நடுவில் 'டிஎச்' அல்லது வெறும் 'டி', முடிவில் 'ஒய்' அல்லது 'ஐ' என்று எழுதுகிறார்கள். இரண்டு, இரண்டு, இரண்டு பெருக்கினால் எட்டு வடிவங்கள். தேடும் முன் தாளில் இப்படிப் பெருக்கி எல்லா வடிவங்களையும் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடிக் கூட்டுங்கள். இரண்டு ஆண்டுக்கும் அதே பட்டியல்தான். ஓர் ஆண்டுக்கு எட்டு, இன்னொன்றுக்கு ஐந்து என்று கூட்டினால் முழுக் கணக்கும் வீண். ஒரு வடிவம் 2000இல் 100ஐத் தாண்டாமல் 2010இல் தாண்டியிருந்தால், முந்தைய ஆண்டுக்கு 0 முதல் 99 வரை என்று வீச்சாக எழுதுங்கள்.

இந்த வேலையைச் சவுண்டெக்ஸிடம் விட்டுவிடலாம் என்று தோன்றும். ஒலிப்பில் ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும், 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை அது. முதல் எழுத்தை அப்படியே வைத்து, தொடரும் மெய்யெழுத்துகளில் மூன்றுக்கு எண் போடும். ஸ்மித், ஷ்மிட் இரண்டுக்கும் எஸ்530 என்று ஒரே குறியீடு கிடைக்கும். தமிழ்ப் பெயர்களுக்கு இது இரு பக்கமும் உதைக்கும். சுப்ரமணியன் என்பதற்கும் சிவராமன் என்பதற்கும் எஸ்165 என்று ஒரே குறியீடு. இரு பெயர்களையும் ஒன்றாக்கிவிடும். செல்வம் என்பதைத் தமிழ்நாட்டில் 'எஸ்' போட்டும் யாழ்ப்பாண வழக்கில் 'சிஎச்' போட்டும் எழுதுவார்கள். முதலாவது எஸ்415, மற்றது சி415. ஒரே பெயரைப் பிரித்துவிடும். குறியீட்டை வைத்துச் சந்தேகப் பெயர்களைத் திரட்டிக்கொள்ளலாம், எண்ணுவது மட்டும் கையால் பிரித்த பிறகே.

ஏன் சில பெயர்கள் தாமாகவே மறைகின்றன

குடியேற்றம், பெயர் மாற்றம், திருமணத்துக்குப் பின் யார் பெயர் நிற்கிறது என்பது ஆகியவை வெளிப்படையான காரணங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் அரிய பெயர்கள் மறையும். 1873இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் இந்தக் கேள்வியை எழுப்பினார். கணிதவியலாளர் ஹென்றி வில்லியம் வாட்சன் அதற்கான கணித முறையைக் கொடுத்தார். பிரான்சின் கணிதவியலாளர் பியென்னமே 1845இலேயே இதைத் தொட்டுவிட்டார் என்பது பின்னால் தெரியவந்தது.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். பெயரைத் தாங்கும் ஓர் ஆணுக்குச் சராசரியாக எத்தனை மகன்கள் அந்தப் பெயரை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்பதை ஓர் எண்ணாக வையுங்கள். எக்செலில் முதல் கட்டத்தில் 0. அதற்குக் கீழே, மேல்கட்டத்து எண்ணில் 1 கழித்து, அந்தச் சராசரியால் பெருக்கி, எக்ஸ்ப் என்ற அடுக்குச் சார்பில் போடுங்கள். அதையே கீழே இழுத்துக்கொண்டு போனால் ஒவ்வொரு தலைமுறைக்குள்ளும் பெயர் அற்றுப்போகும் வாய்ப்பு வரும். சராசரி 1 என்றால், அதாவது மக்கள்தொகை கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால், வரும் எண்கள் 0.368, 0.531, 0.626, 0.688, 0.732. ஒரே ஆணிடமிருந்து தொடங்கும் பெயர் ஐந்து தலைமுறைக்குள் மறைய நூற்றுக்கு 73 வாய்ப்பு! சராசரி 1.2 என்று வளரும் சமூகத்தில்கூட என்றாவது மறையும் வாய்ப்பு 0.686. 0.8 என்று சுருங்கும் சமூகத்தில் ஐந்தே தலைமுறையில் 0.866.

பெயரைத் தாங்கி ஒருவர் மட்டும் அல்ல, பத்து ஆண்கள் இருந்தால், மறையும் வாய்ப்புக்கான அந்த எண்ணைப் பத்துமுறை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள். சராசரி 1க்கு ஐந்து தலைமுறையில் 0.044 மட்டும். ஒன்றுக்கும் பத்துக்கும் இவ்வளவு தூரம். பெரிய பெயர்கள் அசையாமல் நிற்பதும் இதனால்தான்: தென்கொரியாவில் கிம் என்ற பெயர் 2000இல் சுமார் 99 லட்சம் பேருக்கு, 21.6 சதவீதம், 2015இல் சுமார் 1.07 கோடி பேருக்கு, 21.5 சதவீதம். மகள்களும் பெயரைத் தொடரும் குடும்பங்களில் மகன்களை மட்டும் எண்ணாமல், பெயரைக் கொண்டுபோகும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துச் சராசரியை உயர்த்திப் போடுங்கள்.

எதிர்காலத்தைக் கணிக்கும் ஆசையைக் கட்டுக்குள் வையுங்கள். 2024இல் ஜப்பானின் தொஹொக்கு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஒருவர், நிலைமை இப்படியே போனால் 2531இல் ஜப்பானியர் அனைவரும் சாட்டோ என்ற பெயருடையவராக இருப்பார்கள் என்று கணித்தது செய்தியானது. 2023இல் சாட்டோவின் பங்கு 1.529 சதவீதம், முந்தைய ஆண்டைவிட 1.0083 மடங்கு. அந்த ஓராண்டு வேகத்தை 508 ஆண்டுகளுக்குப் பெருக்கினால் சுமார் 67 மடங்காகி நூறு சதவீதத்தைத் தொடுகிறது. தம்பதியர் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்ற அங்கத்திய சட்டத்தின் விளைவைப் புரியவைக்க எழுதியது என்பதால் அந்தக் கணக்குக்கு ஒரு நோக்கம் இருந்தது. உங்கள் பெயருக்கு அதே முறையைப் போடாதீர்கள். பத்தாண்டு இடைவெளியில் இரண்டு புள்ளிகள் இருந்தால் அதற்கடுத்த பத்தாண்டுக்கு ஊகிக்கலாம், அதுவும் வீச்சாக.

விடையை எழுதிவைக்கும்போது எந்தக் கோப்பு, எந்த ஆண்டு, சேர்த்த எழுத்துக்கூட்டல்கள் எவை, அந்தப் பெயர் உள்ளவர்களின் எண்ணிக்கை, மொத்தம் ஆகிய ஐந்தையும் அதே தாளில் குறித்துவையுங்கள். அடுத்த கணக்கெடுப்பு வரும்போது அந்தத் தாள் இல்லாமல் ஒப்பிடவே முடியாது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இப்போதுதான் குடும்பப் பெயரை நிலைநிறுத்துகிறீர்கள் என்றால், அண்ணன் தம்பிகள் பேசி ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, முதல் பிறப்புச் சான்றிதழிலேயே அதைப் போடுங்கள். ஒருவர் 'ஒய்' என்றும் இன்னொருவர் 'ஐ' என்றும் முடித்தால், அடுத்த பட்டியலில் அது இரண்டு பெயர். இரண்டுமே நூறைத் தாண்டாமல் போகலாம்.